பரீட்சை நெருங்கினால் பரு வருவது ஏன்? தோலில் தெரியும் மனஅழுத்தமும், அவசரத்துக்கு வாங்கும் கிரீமின் ஆபத்தும்!

ஜனவரி வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிப்ரவரியில் ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பிக்கும்போது நெற்றியில் இரண்டு பரு எட்டிப் பார்க்கும். மார்ச்சில் ஹால் டிக்கெட் கைக்கு வரும் நேரத்தில் கன்னம், தாடை என்று பரவியிருக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளில் வருடா வருடம் நடக்கிற கதை இது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கிறால்ல... உடம்புச் சூடு" என்பார் பாட்டி. "எப்பப் பாரு சிப்ஸ், பப்ஸ்... வேற என்ன வரும்?" என்பார் அப்பா. ஊரிலிருந்து வந்த சித்தி, "ஏம்மா, முகம் என்ன இப்படி ஆயிடுச்சு? எங்க தெருவுல ஒரு பொண்ணு ஏதோ கிரீம் போட்டா. நாலே நாள்ல பளிச்சுன்னு ஆயிட்டா. பேரைக் கேட்டு அனுப்புறேன் இரு" என்பார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு டியூப்பின் போட்டோ வந்துவிடும்.

பரீட்சை டென்ஷனில் வந்த பரு, பெரும்பாலும் முறையான சிகிச்சையில் சரியாகிவிடும். அந்த டியூப்பில் இருப்பது என்னவென்று தெரியாமல் பூசினால் வரும் பிரச்னை, சில நேரம் வருடக்கணக்கில் நீடிக்கும். மனஅழுத்தம் தோலை எப்படிப் பாதிக்கிறது, அப்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பார்ப்போம்.

மனசுக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு?

வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறது. பயந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. நெகிழ்ந்தால் உடம்பு சிலிர்க்கிறது. மனதில் நடப்பதைத் தோல் உடனுக்குடன் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கருவில் குழந்தை உருவாகும்போது மூளையும் நரம்புகளும் தோலின் மேலடுக்கும் ஒரே திசு அடுக்கிலிருந்துதான் பிறக்கின்றன. வளர்ந்த பிறகும் அந்த உறவு விட்டுப்போவதில்லை.

பயமோ கவலையோ வந்ததும் மூளை ஓர் அவசரச் செய்தி அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. துரத்தும் நாயிடமிருந்து தப்பி ஓட இவை தேவை. ஐந்து நிமிடத்தில் ஆபத்து முடிந்தால் உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால், பரீட்சை பயமும், கடன் கவலையும், வேலை போய்விடுமோ என்ற பதற்றமும் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை. மாதக்கணக்கில் நீளும்போதுதான் சிக்கல்.

அப்படி நீளும்போது தோலில் சில மாற்றங்கள் நடக்கின்றன. தோலின் நரம்பு முனைகளுக்கு அருகில் இருக்கும் சில செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிட்டு, அரிப்பையும் வீக்கத்தையும் கூட்டுகின்றன. ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து, கிருமிகளை வெளியே நிறுத்தும் தோலின் மேல் பூச்சு பலவீனமாகிறது. புண் ஆறுவது தாமதமாகிறது.

மாணவர்களே காட்டிக்கொடுத்த உண்மை

'டென்ஷனால் பரு வரும்' என்பது வெறும் நம்பிக்கையா என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்களுக்கு வசதியாகக் கிடைத்தவர்கள் மாணவர்கள். எப்போது டென்ஷன் ஏறும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாமே!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 மாணவர்களின் பருக்களை, பரீட்சை இல்லாத நாள்களிலும் பரீட்சை நாள்களிலும் கணக்கெடுத்தார்கள். 2003-ல் வெளியான முடிவு இது: யாருக்கு மனஅழுத்தம் அதிகமாக ஏறியதோ, அவர்களுக்குப் பருவும் அதிகமாக மோசமானது. தூக்கம், சாப்பாட்டில் வந்த மாற்றங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்தத் தொடர்பு இருந்தது.

சிங்கப்பூரில் 94 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. அங்கேயும் டென்ஷன் ஏறும்போது பரு கூடியது. ஆனால், முகத்தில் சுரக்கும் எண்ணெயின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. 'எண்ணெய் வழியுது, அதான் பரு' என்று ஒரு நாளைக்கு எட்டு முறை சோப்புப் போட்டு முகம் கழுவும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. டென்ஷன் பருவை எண்ணெயின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. தோலுக்குள் நடக்கும் அழற்சியை சோப்பால் கழுவ முடியாது.

பருவே இல்லாத, ஆரோக்கியமான தோல் இருந்தவர்களையும் சோதித்திருக்கிறார்கள். 27 மாணவர்களின் தோலில் டேப் ஒட்டிப் பிரித்து, மேல் பூச்சை லேசாகக் கலைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாகச் சரியாகிறது என்று அளந்தார்கள். விடுமுறையில் சட்டென்று சரியான அதே தோல், பரீட்சை நேரத்தில் மெதுவாகத்தான் சரியானது. இந்த ஆய்வு வெளியான வருடம் 2001.

மாணவர்களுக்கு மட்டும்தான் இப்படியா? வீட்டில் மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களிடம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கையில் ஒரு சிறிய காயத்தை ஏற்படுத்தி, அது ஆறும் நாள்களை எண்ணினார்கள். அதே வயதுள்ள, அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள்கள் கூடுதலாகப் பிடித்தது. 1995-ல் வெளியான இந்த ஆய்வு, படுக்கையில் இருக்கும் மாமியாரையோ அப்பாவையோ கவனித்துக்கொண்டு, தன்னைக் கவனிக்க நேரமில்லாமல் ஓடும் எத்தனையோ பெண்களுக்கும் பொருந்தும்.

பரு மட்டுமல்ல...

மனஅழுத்தம் புதிதாக ஒரு நோயை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுவதுதான் அதிகம்.

* எக்ஸிமா எனும் கரப்பான்: கவலை வந்தால் அரிப்பு கூடும். சொறிந்தால் தோல் தடிக்கும். தடித்த தோல் இன்னும் அரிக்கும். தூக்கத்திலும் கை தானாகச் சொறியும்.

* சொரியாசிஸ்: அடங்கியிருந்த செதில்கள் குடும்பத்தில் ஒரு துக்கமோ, வேலையில் ஒரு சிக்கலோ வந்தபின் மீண்டும் தலைகாட்டியதாகப் பலர் சொல்வார்கள். இது அடுத்தவருக்குத் தொற்றாது.

* காணாக்கடி: திட்டுத் திட்டாகத் தடித்து, அரித்து, சில மணி நேரத்தில் மறைந்து, வேறு இடத்தில் வரும். சிலருக்கு டென்ஷன் இதைத் தூண்டும்.

* பொடுகு: பரீட்சை நேரத்தில் தோள்பட்டையில் உதிரும் வெள்ளைத் துகள்களுக்கும் மனஅழுத்தம் ஒரு காரணமாக இருக்கலாம்.

* முடி கொட்டுவது: இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். பெரிய மனஅழுத்தமோ கடும் காய்ச்சலோ வந்து 2, 3 மாதங்கள் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மார்ச்சில் பரீட்சை எழுதிய பெண்ணுக்கு ஜூனில் கொட்டும். 'ஹாஸ்டல் தண்ணி சேரலை' என்று அப்போது பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிடுவோம். வேறு காரணம் இல்லாவிட்டால், இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நின்று முடி திரும்ப வளரும். தினமும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு.

'நாலே நாள்ல பளிச்'... அந்த டியூப்பில் என்ன இருக்கிறது?

இப்போது சித்தி அனுப்பிய போட்டோவுக்கு வருவோம். டியூப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் என்று ஏதாவது இருந்தால், அது ஸ்டீராய்டு களிம்பு. தனியாகவும் இருக்கும், பூஞ்சைக் கொல்லி மருந்துடனோ, மங்கு மறையப் போடும் மருந்துகளுடனோ கலந்தும் இருக்கும்.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து அல்ல. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் தோல் மருத்துவர்கள் அதைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். எந்த இடத்தில், எவ்வளவு வீரியத்தில், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். உள்ளங்காலின் தடித்த தோலுக்குத் தரும் வீரியத்தைக் கன்னத்தின் மெல்லிய தோலுக்குத் தர மாட்டார்கள். அந்தக் கணக்கு எதுவும் இல்லாமல், ஃபேஸ் கிரீம் மாதிரி தினமும் காலை, இரவு பூசும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது.

முதல் வாரம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சிவப்பு அடங்கும், பரு வற்றும், நிறம் கொஞ்சம் வெளுக்கும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். சில வாரங்கள், மாதங்கள் போனதும் தோல் மெலியும். உள்ளே இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். வெயிலில் போனால் முகம் எரியும். கன்னத்தில் பூனைமுடி அதிகமாகும். ஒரே மாதிரியான சிறு சிறு பருக்கள் முகம் முழுக்க வரும்.

பயந்துபோய் கிரீமை நிறுத்தினால், இரண்டு, மூன்று நாளில் முகம் சிவந்து, எரிந்து, முன்பைவிட மோசமாகும். 'பார்த்தியா, கிரீமை விட்டதாலதான்' என்று திரும்பப் பூசுவார்கள். உடனே அடங்கும். கிரீம் இல்லாமல் வெளியே போகவே முடியாது என்ற நிலை வந்துவிடும். இந்தப் பிரச்னை நம் நாட்டில் எவ்வளவு சகஜம் என்றால், 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. இருந்தும், கடையில் போய்ப் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஏற்கெனவே பல மாதங்களாகப் பூசிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்த கையோடு டியூப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த டியூப்பையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை அவர் சொல்வார். சரியாக நேரம் பிடிக்கும். ஆனால், பெரும்பாலானோருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும்.

எல்லாமே டென்ஷன் இல்லை!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'எல்லாம் டென்ஷன்தான்' என்று விட்டுவிடுவதும் ஆபத்து.

ஹாஸ்டலில் இருக்கும் மகன், ராத்திரியானால் அரிக்கிறது என்கிறான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடை இடுக்கில் சின்னச் சின்னப் பொரி. ரூம்மேட்டுக்கும் அதே அரிப்பு. இது டென்ஷன் அல்ல, பெரும்பாலும் சிரங்கு. தோலுக்குள் குடைந்து வாழும் நுண்ணிய பூச்சியால் வருவது. ரூமில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுத்தால்தான் போகும்.

வட்டமாக, ஓரம் சிவந்து பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். இதில் ஸ்டீராய்டு கிரீம் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை சொகுசாகப் பரவும். பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போகிறது, தாடையில் முடி வளர்கிறது என்றால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். முடி கொட்டுவது நிற்கவே இல்லை என்றால் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

தோலுக்கு என்ன செய்யலாம்?

* மென்மையான ஃபேஸ் வாஷில் காலை, மாலை என இரண்டு வேளை முகம் கழுவினால் போதும். ஸ்க்ரப் வேண்டாம்.

* பருவின் மேல் டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். தோல் புண்ணாகும். நம் மாநிறத் தோலில் புண் ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

* குளித்து, ஈரம் ஒற்றியதும் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். வறண்டு அரிக்கும் தோலுக்கு இது முக்கியம். பரு உள்ளவர்கள் எண்ணெய்ப் பசை இல்லாததாக, துளைகளை அடைக்காததாகப் பார்த்து வாங்கலாம்.

* மருத்துவர் தரும் பரு மருந்து வேலை செய்ய 6 முதல் 8 வாரங்களாவது ஆகும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று மாற்றாதீர்கள். நாலு நாளில் 'பளிச்' என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

* படிக்கும்போது கை தானாகப் பருவைக் கிள்ளுகிறதா? கை முகத்துக்குப் போவது தெரிந்ததும் விரல்களை இறுக்கி மூடி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அல்லது, பேனாவை உருட்டுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுவதும் உதவும்.

மனசுக்கு என்ன செய்யலாம்?

'டென்ஷன் ஆகாதே' என்று சொல்வதால் யாருக்கும் டென்ஷன் குறைந்ததில்லை. செய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் தூக்கம். பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சை நேரத்தில் அது நடக்காது என்று தோன்றலாம். குறைந்தபட்சம் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி 12 மணிக்கு விழித்திருக்க டீ, டீயைக் குடித்ததால் 2 மணி வரை தூக்கமில்லை, காலையில் தலைவலிக்கு இன்னொரு டீ என்ற வட்டத்தை மாலையிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்தது நடை. மொட்டை மாடியிலோ தெருவிலோ 20, 30 நிமிடங்கள். படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் சரி. வியர்த்தால் வந்ததும் முகம் கழுவுங்கள்.

மூச்சுப் பயிற்சியும் தியானமும் தோலுக்கு உதவுமா? சொரியாசிஸுக்கு ஒளிச்சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த 37 பேரில் ஒரு பகுதியினருக்கு, சிகிச்சை நடக்கும்போதே தியான வழிகாட்டல் ஒலிநாடாவைக் கேட்கச் செய்தார்கள். கேட்டவர்களுக்குத் தோல் சீக்கிரம் தெளிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்து, 1998-ல் வெளியான சிறிய ஆய்வு இது. கவனிக்க வேண்டியது, தியானத்தோடு ஒளிச்சிகிச்சையும் நடந்தது என்பதைத்தான். மருந்தை விட்டுவிட்டு தியானம் மட்டும் செய்யச் சொல்லவில்லை.

எளிதாகத் தொடங்க, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

கூடவே, மொபைலின் செல்ஃபி கேமராவில் அடிக்கடி முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவ்வளவு பக்கத்தில் வைத்து உங்கள் முகத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பருவால் கவலை, கவலையால் பரு என்று சுற்றும் வட்டத்தை வேகமாகச் சுழற்றுவது பெரும்பாலும் நம் வாய்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக "முகம் என்ன இப்படி?" என்று கேட்கும்போது, கண்ணாடியில் தினமும் அதையே பார்த்து நொந்திருக்கும் பிள்ளைக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. கல்யாண வீட்டுக்கு வர மறுப்பது, கேமராவைக் கண்டால் ஒதுங்குவது, துப்பட்டாவால் முகத்தை மூடியே இருப்பது என்றெல்லாம் மாற்றம் தெரிந்தால், அது 'வயசுக் கோளாறு' இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

சும்மா இருக்கும்போதும் அழுகை வருகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* பரு கட்டி போல் பெரிதாகி வலித்தால், குழி விழுந்தால்.
* அரிப்பால் தூக்கம் கெட்டால், வீட்டில் மற்றவருக்கும் அரித்தால்.
* தலையில் வட்டமாக முடி போய்விட்டால். புழுவெட்டு என்று சொல்லி எதையாவது தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம்.
* தடிப்போடு உதடு, கண் இமை வீங்கினால் அல்லது மூச்சுத் திணறினால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தனியார் கிளினிக் செலவை நினைத்துத்தான் பலரும் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான்.

சித்தியின் அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவர் டியூப் போட்டோ அனுப்பினால், பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரில் 'மெத்தசோன்', 'பெட்டசால்' என்று வந்தால், இந்தக் கட்டுரையை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர் தெருவில் நாலே நாளில் பளிச்சென்று ஆன அந்தப் பெண்ணுக்கும் இது போய்ச் சேரட்டும்.